ஓடி வந்தவளுக்கு நாலு வரி

அந்த மேடையிலிருந்து குதித்து ஓடிய படையே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி அந்தப் பழைய படத்தைப் போட்டாள். எட்டாம் வகுப்பு, ஆண்டு விழா நாடகம், திரை விலகுவதற்குச் சற்று முன் எடுத்தது. பட்டாசு அட்டைப்பெட்டியை வட்டமாக வெட்டிய கேடயங்கள், ஜிகினாத் தாள் ஒட்டிய வாள்கள், கண்மையில் வரைந்த மீசைகள். நடுவில் இடுப்பில் கை வைத்தபடி நம் சேனாபதி. ஓரத்தில் பஞ்சுத் தாடியோடு நான், புலவர் வேஷம். படத்துக்குக் கீழே, "நம்ம வீரத்தப் பாருங்கடி" என்று எழுதியிருந்தாள். சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. நானும் சிரித்தேன். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு இதை எழுதத் தொடங்கினேன்.

நாம் ஏன் ஓடினோம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அந்த ஓட்டம் என் வீட்டில் எதைத் திறந்துவிட்டது என்பது மட்டும் உங்களுக்குத் தெரியாது. இப்போது நான் கல்லூரியில் போர்ப் பாட்டு நடத்துகிறேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான்தான். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. அவர்கள் மகள் கரும்பலகை முன்னால் நின்று போர்க்களத்தையும் வேல்களையும் பற்றிப் பேசுகிறாள் என்பதில் எனக்குக் கர்வம் உண்டு. அதை மறைக்கப் போவதில்லை. அந்தக் கர்வம் எங்கே பிறந்தது என்றுதான் சொல்லப் போகிறேன்.

நம் ஊர்க் காலைகளை நினைத்துப் பாருங்கள். ஏழரை மணிக்கு வேன்கள் வரும். பட்டாசுத் தொழிற்சாலையை நாம் ஒருநாளும் தொழிற்சாலை என்று சொன்னதில்லை, 'ஆபீஸ்'தான். "எங்கம்மா ஆபீஸுக்குப் போயிருக்கு" என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நாற்காலியும் மின்விசிறியும் கற்பனை செய்துகொள்வார்கள். நம் அம்மாக்கள் பொறி பறந்துவிடக் கூடாது என்று நூல் புடவை கட்டி, ஊக்கைக் கழற்றி வைத்து, கொலுசு இல்லாத வெறுங்காலோடு அந்த ஆபீஸின் சிறு சிறு அறைகளில் உட்கார்ந்து காகிதக் குழாயில் வெடிமருந்து அடைத்தார்கள். சாயங்காலம் இறங்கி வரும்போது காது மடலில், புருவத்தில், கழுத்து மடிப்பில் அலுமினியப் பொடி மினுங்கும். என் அம்மா முகம் கழுவும் தொட்டித் தண்ணீரில் வெள்ளிப் படலம் மிதக்கும். அதில் விரலால் பெயர் எழுதிப் பார்ப்பேன். எழுதி முடிப்பதற்குள் முதல் எழுத்து கலைந்துவிடும்.

ஒவ்வொரு அறைக்கும் எதிரெதிரே வாசல்கள். வேலைக்குச் சேரும் அன்றே போர்மேன் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம், மருந்து அடைப்பது அல்ல, ஓடுவது. உள்ளே பொறி தட்டினால் யாருக்கு எந்த வாசல் பக்கமோ அந்த வாசல் வழியாக ஓட வேண்டும். செருப்பைத் தேடக் கூடாது, தூக்குவாளியை எடுக்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. அம்மாக்கள் அந்தப் பாடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து நமக்கும் ஊட்டினார்கள். வெளியே வெடித்தால் அது வியாபாரம், உள்ளே வெடித்தால் ஓட்டம். நமக்கு அரிச்சுவடிக்கு முன்னால் தெரிந்தது அது.

என் அம்மாவும் என் அத்தையும் ஒரே அறையில் வேலை செய்தார்கள். அத்தை அப்பாவின் அக்காள். அவளுக்குப் பிள்ளை இல்லை. என்னைத்தான் "ஏ என் சீமாட்டி" என்று கூப்பிடுவாள். அவள் கணவர், என் மாமா, அந்த ஆபீஸின் வேன் டிரைவர். முன் சீட் அத்தைக்கு. மற்றவர்கள் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டு, "மகாராணி ஏறியாச்சா? வண்டிய எடுக்கலாமா?" என்று கேலி செய்வார்கள். அத்தை திரும்பாமலேயே, "பொறாமைல பொகையாதீகடி, வண்டில மருந்து வாடை இருக்கு" என்பாள்.

நான் மூன்றாம் வகுப்பு படிக்கையில் அவர்கள் அறையில் பொறி தட்டியது. அம்மா மேற்கு வாசல் வழியாக ஓடினாள். தீ பின்னால் வந்து முதுகைத் தொட்டது. அத்தை கிழக்கு வாசல் வழியாக வெளியே வந்துவிட்டாள், ஒரு கீறல்கூட இல்லை. வெளியே நின்று சுற்றிப் பார்த்திருக்கிறாள். அம்மா கட்டடத்துக்கு அந்தப் பக்கம் இருந்ததால் கண்ணில் படவில்லை. "எந் தம்பி பெஞ்சாதி உள்ள இருக்கா" என்று கத்திக்கொண்டு திரும்ப உள்ளே போனாள். அவ்வளவுதான்.

அம்மா ஆஸ்பத்திரியில் குப்புறப் படுத்திருந்தபோது மாமா வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஒரு வாக்கியம் சொன்னார்.

"நீ ஒரு தடவ திரும்பிப் பாத்திருந்தா, அவ உன்னத் தேடி உள்ள போயிருக்க மாட்டா."

அதற்குப் பிறகு அவர் அம்மாவிடம் பேசவில்லை. அப்பா இரண்டு பேருக்கும் நடுவில் எதுவும் சொல்லாமல் இருந்தார். பேசாமல் விட்டால் தானாக ஆறிவிடும் என்று நினைத்தார். பெரியவர்கள் பலருக்கும் அந்த நம்பிக்கை இருக்கிறது. ஆறவில்லை, இறுகிவிட்டது.

அம்மா வீட்டுக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதுகில் துணி படக் கூடாது என்று அப்பாவின் பழைய சட்டையைப் பின்பக்கம் திறந்து போட்டிருந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து சோறு வந்திருந்தது. அவள் அதைத் தொடவில்லை. நேராக அடுப்படிக்குப் போய்த் தீப்பெட்டியை எடுத்தாள். அப்பா, "நான் பத்த வைக்கேன், நீ இரு" என்று கை நீட்டினார். அம்மா கொடுக்கவில்லை. குச்சியை உரசினாள். சர்ரென்று தீ எழுந்ததும் அவள் உடம்பு முழுக்க ஒரு தடவை குலுங்கியது. குச்சி அணைந்துவிட்டது. இன்னொன்று எடுத்தாள். அதுவும் அணைந்தது. அடுத்த குச்சியில் அடுப்பு பற்றியது. உலை வைத்தாள். அன்றைக்குச் சோறு கொஞ்சம் குழைந்துபோயிருந்தது. நான் அப்படி ஒரு சோறு அதற்குப் பிறகு தின்றதில்லை.

முதுகு ஆறியதும் வேறு ஆபீஸுக்கு, வேறு வேனில் போனாள். அதே வேலைதான்.

மாமா அத்தைக்காக ஒவ்வொரு வருஷமும் காலண்டர் அடித்தார். சிவகாசியில் இதில் ஆச்சரியம் இல்லை. அச்சகத்தில் அவருக்குச் சிநேகிதர் இருந்தார். மேலே அத்தையின் கழுத்தளவுப் படம், கீழே தினத்தாள் கட்டு, நடுவில் மாறாத ஒரு நாலு வரிக் கவிதை. சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் போகும். எங்கள் வீட்டுக்கும் அப்பா கையில் வந்துவிடும். அம்மா அதை வாசலுக்கு நேரே மாட்டி, தினமும் காலையில் தாள் கிழிப்பாள். கிழிப்பதற்கு முன்னால் அத்தையின் முகத்தைப் பார்த்துக்கொள்வாள். அந்த நாலு வரியில் என்ன இருக்கிறது என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தடுக்காமல் வாசிக்க வந்ததும் அம்மா ஆசையாகக் கேட்டாள்.

"தாயி, அத்தைக்கு என்ன போட்டிருக்காக, வாசி பாப்போம்."

வாசித்தேன்.

நெருப்பைக் கண்டு ஓடியவர் பலபேர்,
நெருப்புக்குள் நடந்தவள் நீ ஒருத்தி.
முதுகு காட்டாத எங்கள் குலவிளக்கே,
முகம் காட்ட வருவாயோ மறுபடியும்?

வாசித்துவிட்டுப் பெருமையோடு நிமிர்ந்தேன், ஒரு எழுத்துகூடத் தடுக்கவில்லை என்று. அம்மா, "நல்லா வாசிக்கியே" என்றாள். தோளில் கிடந்த துண்டை இழுத்து முதுகை மூடிக்கொண்டாள். வெயில் காலமானாலும் அந்தத் துண்டு அவள் முதுகிலிருந்து இறங்காது. அந்தக் காலண்டரையும் அவள் கழற்றவில்லை.

எட்டாம் வகுப்பில் நமக்குத் தமிழ் மிஸ் வந்தார். வெளியூர், திருச்சிப் பக்கம். கணீரென்ற குரல், நடந்துகொண்டே பாடம் நடத்துவார், சாக்பீஸைப் பிடித்தால் வேல் மாதிரிப் பிடிப்பார். பழைய போர்ப் பாட்டுகளைப் பற்றி அவர் பேசும்போது நாம் கொட்டாவி விட்டதே இல்லை. மார்பில் பட்ட காயம் பெருமை, முதுகில் பட்ட காயம் இழிவு என்று அந்தக் காலத்தில் எப்படிப் பாடினார்கள் என்று அவர் விளக்கிய அன்று வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. நான் மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆண்டு விழாவுக்கு அவரே நாடகம் எழுதினார். எதிரி ஒரு சிறு கோட்டையைச் சுற்றி வளைத்துத் தீ வைக்கிறான். உள்ளே இருக்கிற பெண்களே வாளெடுத்துச் சண்டை போடுகிறார்கள். கடைசியில் புலவர் வந்து களத்தைப் பார்த்துப் பாடுகிறார். குரல் நன்றாக இருக்கிறது என்று எனக்குப் புலவர் வேஷம். அவர் எழுதிய பாட்டு இது:

மார்பில் வாங்கிய வேல்கள் எல்லாம்
மாலையாய்க் கிடந்தன களத்தில்.
முதுகில் வாங்கியவள் பெயரை
மண்ணும் கேட்க மறுத்தது.

வீட்டில் மனப்பாடம் செய்தேன். அம்மா காகிதப் பெட்டி மடித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலங்களில் அந்த வேலையும் உண்டு. நான் வேண்டுமென்றே மெதுவாகத்தான் சொன்னேன். ஆனாலும் அவள் காதில் விழுந்துவிட்டது. கை நிற்காமலே கேட்டாள்.

"ஓடுனவ வீட்டுக்குப் போய் என்ன செஞ்சான்னு பாட்டுல வருதா?"

"இல்லம்மா."

"புள்ளைக்குச் சோறு கீறு பொங்குனாளா?"

"அதெல்லாம் வராதும்மா. இது சண்டைப் பாட்டு."

"ஓ" என்றாள். இன்னொரு பெட்டியை மடித்தாள்.

விழா நாளை நான் விவரிக்க வேண்டியதில்லை. ஆனாலும் விவரிக்கிறேன், ஆசை யாரை விட்டது. பள்ளி அரங்கில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், இரண்டு பக்கமும் கதவு, கதவுக்கு உள்ளே செருப்புக் குவியல். அம்மா வந்திருந்தாள். வேனில் ஆட்களை இறக்கிவிட்ட மாமாவும் ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் நின்றார். சேனாபதி, "எம் மார்பைத் துளைக்காமல் இந்தக் கோட்டைக்குள் ஒரு எறும்பும் நுழையாது!" என்று முழங்கினாள். கைதட்டல். எதிரி தீ வைக்கும் காட்சி. சத்தம் தத்ரூபமாக இருக்கட்டும் என்று பி.டி. சார் மேடைக்குப் பின்னால் ஒரு சின்னப் பட்டாசுச் சரத்தைக் கொளுத்திப் போட்டார். பாவம், அவரும் வெளியூர்.

முதல் வெடிக்கே படை காலி. சேனாபதி மேடையிலிருந்து குதித்த குதியில் மீசை கன்னத்துக்கு வந்துவிட்டது. கேடயங்கள் உருண்டன. செத்துக் கிடந்த வீராங்கனைகள் எழுந்து ஓடினார்கள். எதிரிப் படையும் நம் படையும் ஒரே ஜன்னலில் ஏறின. கீழே இருந்த அம்மாக்கள், அப்பாக்கள், சித்திகள் அத்தனை பேரும் எழுந்து, யாருக்கு எந்தக் கதவு பக்கமோ அதன் வழியாக ஓடினார்கள். ஒருவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவர் செருப்பை எடுக்கவில்லை. நான் தாடியைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். கண்மூடித் திறப்பதற்குள் அரங்கில் மிஞ்சியவர்கள் பி.டி. சாரும், ஹெச்.எம். சாரும், சிறப்பு விருந்தினரும், தமிழ் மிஸ்ஸும்தான். அவர்களுக்கு ஓடத் தெரியவில்லை.

அரங்கின் பின்பக்கம் ஒரு வேப்பமரம் உண்டு, ஞாபகம் இருக்கிறதா? நான் அங்கேதான் போய் நின்றேன். அங்கே நான் பார்த்ததை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. பெண்கள் கதவு வழியாக வந்த அம்மா மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து வந்தாள். ஆண்கள் கதவு வழியாக வந்த மாமா இந்தப் பக்கமிருந்து வந்தார். இருவரும் மூச்சு வாங்க, வெறுங்காலோடு, நேருக்கு நேர் நின்றார்கள்.

அம்மா, "புள்ள எங்க?" என்றாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை.

மாமா அப்போதுதான் அரங்கைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. நான் மேடையில் இருந்தது அவருக்கும் தெரியும். அவரும் திரும்பிப் பார்க்காமல்தான் ஓடி வந்திருந்தார்.

"அம்மா" என்றேன். அம்மா என்னைத் தாடியோடு இறுக்கிக்கொண்டாள். மாமா குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அரங்குக்குள் போனார். திரும்பி வந்தபோது ஒரு கையில் அவர் செருப்பு, இன்னொரு கையில் அம்மாவின் செருப்பு. அந்தக் குவியலில் அதை எப்படி அடையாளம் கண்டாரோ. அம்மாவின் காலருகே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் பிரேயரில் ஹெச்.எம். சார் நம்மைக் காய்ச்சியதை மறந்திருக்க மாட்டீர்கள். "வீர நாடகம் போடுறாங்களாம். மொத்தப் படையும் முதுகைக் காட்டிட்டு ஓடிருச்சு! கோழைப் பட்டாளம்!" நம் சேனாபதிதான் கையைத் தூக்கினாள்.

"சார், உள்ள வெடிச்சா ஓடணும்னு எங்கம்மா சொல்லிருக்கு சார்."

"அது ஃபாக்டரியில. இது மேடை!"

"வெடிக்கு அது தெரியுமா சார்?"

பள்ளிக்கூடமே சிரித்தது. ஹெச்.எம். சாருக்குக் கோபம். தமிழ் மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. எதையோ புதிதாகப் படிப்பது மாதிரி நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விருதுநகரில் மாவட்டப் போட்டி இருந்தது. இதே நாடகத்தை அங்கே போடுவதற்கு மிஸ் ஹெச்.எம். சாரிடம் மன்றாடி அனுமதி வாங்கினார். வெடிக்குப் பதில் தவில். ஒத்திகையில் நான் கடைசிப் பாட்டில் நின்றுவிட்டேன். முதல் இரண்டு வரி வந்தது. அடுத்தது வரவில்லை.

"மறந்துட்டியா?"

"இல்ல மிஸ். சொல்ல மாட்டேன் மிஸ்."

"ஏன்? நீ சொல்லலைன்னா வேற பொண்ணுக்குக் குடுத்துருவேன்."

எனக்கு அந்த வேஷம் வேண்டும். தோழிகளே, உயிரைக் கொடுத்தாவது வேண்டும். விருதுநகர் மேடையில் ஏறி நின்று பேச வேண்டும். ஆனால் அந்த வரியை வாயில் வைக்க முடியவில்லை.

"எங்கம்மாவுக்கு முதுகுலதான் மிஸ் காயம்" என்றேன்.

உங்களில் பாதிப் பேர் வீட்டில் ஏதோ ஒரு காயம் இருந்தது. மிஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். எழுதிய தாளைத் தன் முன்னால் வைத்து வாசித்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"சரி. கடைசி நாலு வரிய நீ எழுதிட்டு வா. நல்லா இருந்தா அது. நல்லா இல்லைன்னா இதுதான், அப்பவும் நீதான் சொல்லணும். சம்மதமா?"

"சம்மதம் மிஸ்."

எழுதினேன், அடித்தேன். முதலில் அம்மாவைப் பெரிய வீராங்கனையாக்கி, வாள் கொடுத்து, எதிரியை வெட்ட வைத்தேன். எழுதி முடித்துப் படித்தால் அது அம்மா மாதிரியே இல்லை. அடுத்து, அத்தையைக் குறைத்து எழுதிப் பார்த்தேன். நிமிர்ந்தால் காலண்டரிலிருந்து அத்தை பார்த்தாள், "ஏ சீமாட்டி, என்ன செய்யுதே?" என்று கேட்பது மாதிரி. அதையும் கிழித்தேன். அவள் உள்ளே போனது பொய்யில்லை. அம்மா ஓடியதும் பொய்யில்லை. ஒருத்தியைத் தூக்க இன்னொருத்தியை இறக்க வேண்டியதில்லை என்று அந்தப் பதின்மூன்று வயதில் எனக்குப் பிடிபட்டது. இன்று வகுப்பில் நான் எவ்வளவோ விளக்கிச் சொல்கிறேன். போரைப் பாடியவர்கள் விழுந்தவர்களைப் பாடினார்கள், அழுதவர்களைப் பாடினார்கள், பிழைத்து வந்தவள் மறுநாள் என்ன செய்தாள் என்பதை அதிகம் பாடவில்லை என்று. அதற்கெல்லாம் விதை, அம்மா பெட்டி மடித்துக்கொண்டே கேட்ட அந்தக் கேள்விதான்.

எழுதியதை முணுமுணுத்து முணுமுணுத்துச் சரி செய்தேன். அம்மா வேலை செய்தபடி இருந்தாள். கேட்கிறாளா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. மிஸ் வாசித்தார். திருத்தம் ஒன்றும் சொல்லவில்லை. சிவப்புப் பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டார்.

போட்டிக்குப் போக வண்டி வேண்டும். ஆபீஸுக்கு விடுமுறை நாள், தான் ஓட்டும் வேனைக் கொண்டுவருவதாக மாமா தானாகவே பள்ளிக்கு வந்து சொன்னார். பிள்ளைகளோடு துணைக்குச் சில அம்மாக்கள் வர வேண்டும் என்றதும் மிஸ் என் அம்மாவையும் கூப்பிட்டுவிட்டார். அம்மா அந்த வேனைப் பார்த்ததும் தயங்கி நின்றாள். முன் சீட்டில் வழக்கம்போல ஒரு தண்ணீர் கேன் இருந்தது. அத்தை போன பிறகு அங்கே யாரும் உட்காராதபடி மாமா வைத்திருந்த கேன். அம்மா பின்னால் ஏறிக் கடைசி மூலையில் உட்கார்ந்தாள். மாமா கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தார்.

விருதுநகரில் இறங்கியதும் மிளகாய் வத்தல் கிடங்குகளின் நெடி நம்மை வரவேற்றது. படை மொத்தமும் தும்மியது. "எதிரி மொளகாப்பொடி தூவிட்டான்லே!" என்று நம் சேனாபதி கத்தினாள். என் பஞ்சுத் தாடி ஒரே தும்மலில் பாதி பறந்துவிட்டது. மிச்சத்தை ஒட்டிக்கொண்டு மேடை ஏறினேன்.

நீங்கள் எல்லாம் என் காலடியில் செத்துக் கிடந்தீர்கள். ஒருத்தி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிமிட்டினாள், யார் என்று சொல்ல மாட்டேன். தவில் நின்றது. அரங்கு பெரியது. விளக்குக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. மாமா எங்கே, அம்மா எங்கே, தெரியவில்லை. இந்த நாலு வரியைக் கேட்டதும் மாமா எழுந்து போய்விட்டால் அம்மாவின் தலை என்றைக்குமே நிமிராது, அது மட்டும் தெரிந்தது. பாடினேன்.

தேடி உள்ளே போனாள் ஒருத்தி, ஓடி வெளியே வந்தாள் ஒருத்தி.
போனவள் பெயரைக் கல்லில் எழுதுங்கள், பூவும் போடுங்கள்.
வந்தவள் மறுபடி அடுப்பு மூட்டத் தீக்குச்சி உரசினாள்,
அந்தக் குச்சியின் வெளிச்சத்தையும் பாட்டில் எழுதுங்கள்.

பாடி முடித்து வணங்கினேன். பிறகு நம் அம்மாக்கள் உட்கார்ந்திருந்த பக்கமிருந்து ஒரு குலவை எழுந்தது. போட்டி அரங்கில் குலவை! நடுவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இன்னொரு குலவை. அப்புறம் கைதட்டல், கூரை அதிரும் அளவுக்கு. இந்தத் தடவை யாரும் ஓடவில்லை.

நமக்கு முதல் பரிசு. பரிசுக் கேடயத்தைச் சேனாபதி தலைமேல் தூக்கிக்கொண்டு ஆடினாள். மிஸ் அழுதார், "தும்மல்" என்று சொன்னார். மாமாவைக் காணவில்லை. வெளியே ஓடினேன். அவர் வேனருகே, ஒரு பெரிய பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தார். எண்ணெயில் பொரித்த பரோட்டா, எல்லோருக்கும்.

"மருமகளே, பசிக்கும்ல?" என்றார். கண் சிவந்திருந்தது. "வத்த நெடி" என்று அவரும் சொன்னார்.

பரோட்டா தின்று, கை கழுவி, எல்லோரும் ஏறினோம். அம்மா பின்பக்கப் படியில் கால் வைத்தாள். மாமா முன் கதவைத் திறந்தார். தண்ணீர் கேனை எடுத்தார். சீட்டில் ஒட்டியிருந்த தூசியைத் தன் துண்டால் தட்டினார். தட்டினார், தட்டினார், நிறுத்தத் தெரியாதவர் மாதிரி.

"தங்கச்சி" என்றார். "முன்னால வந்து உக்காரும்மா."

அம்மா படியிலிருந்து காலை எடுக்கவில்லை. வேனுக்குள் நாம் எல்லோரும் ஜன்னல் பக்கம் நெருங்கினோம்.

"அது மதினி எடம்ணே."

"அவ எடந்தான். அவ உன்னத் தேடித்தான் போனா. நீ கெடச்சிட்டன்னு அவளுக்கு யாரு சொல்ல? வா."

அம்மா இறங்கி வந்தாள். ஏறும்போது முதுகுத் துண்டு கதவில் சிக்கி நழுவியது. அவள் அதை எடுக்கவில்லை. நான் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

வண்டி கிளம்பியது. ஆமத்தூர் தாண்டுகையில் மாமா தொண்டையைச் செருமினார்.

"மருமகளே, அந்த நாலு வரிய ஒரு தாள்ல எழுதிக் குடு. அடுத்த காலண்டர்ல பழச எடுத்துட்டு இதப் போடுவோம்."

நான் பையில் தாள் தேடினேன். அம்மா முன்னாலிருந்து, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அவ எதுக்கு எழுதணும்? நீங்க வண்டிய ஓட்டுங்கண்ணே. நான் சொல்லுதேன்."

எழுத்தே தெரியாத என் அம்மா, ஒரு வார்த்தை பிசகாமல், முன் சீட்டிலிருந்து உரக்கச் சொன்னாள். "தேடி உள்ளே போனாள் ஒருத்தி" என்று அவள் தொடங்க, இரண்டாம் வரியில் சேனாபதி சேர்ந்துகொண்டாள், மூன்றாம் வரியில் நீங்கள் எல்லோரும். சிவகாசி வந்து சேரும்வரை நாம் நிறுத்தவில்லை.